பூச்சி தானம் கேட்ட பூச்சியம்மா

சித்தூர், திருப்பதி ஜில்லாக்களிலுள்ள மாம்பூச்சிகள் எல்லாம் ஒன்றுகூடி, மனிதர்களில் ஒருவருக்குச் சிலை வைப்பதென்று தீர்மானம் போட்டால், அந்தச் சிலை பூச்சியம்மாவுக்குத்தான். எதிர்த்துக் கை தூக்க ஒரு பூச்சி இருக்காது.

பூச்சியம்மா ஒரு விஞ்ஞானி. திருப்பதிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு பழத்தோட்ட ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. நாற்பது வயது இருக்கும். பலமனேர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், தமிழும் சரளம். அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அது இருந்தது. ஒரு தடவை கூரியர் கொண்டுவந்த புது ஆள், வழியில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, "பூச்சியம்மா கோயில் எங்க கீது?" என்று வாசலில் விசாரித்திருக்கிறார். காவல்காரர் பீடியை எடுக்காமலே பதில் சொன்னார்: "நேரா போ. ஏழாவது வரிசைல ஏணி மேல ஒக்காந்துக்கினு கீது. செருப்பு கழட்ட வேணாம்."

ஐந்து வருஷத்துக்கு முன் அங்கே நான் தற்காலிக ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். விவசாயத்தில் பட்டம் வாங்கியவள். இதை யாரும் கேட்காமலே சொல்லுவது என் வழக்கம், இப்போதும் சொல்லிவிட்டேன். பண்ணையில் கொடுத்த அடையாள அட்டையை முதல் வாரம் தூங்கும்போதுகூடக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. எங்கள் நைனா, கார்வேட்டிநகரம் சுற்றுவட்டாரத்து மாந்தோப்புகளில் மருந்தடிக்கிறவர். இருபத்தைந்து வருஷமாக அதே வேலை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஆனால் அவர் மருந்தடிக்காத தோப்பும் கிடையாது. "எம்பொண்ணு ஆபீசரு. மாமரத்துக்கே ஆபீசரு" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு போவார்.

பூச்சியம்மாவின் வேலை என்னவென்றால், மருந்தே தேவைப்படாத மாமரத்தை உண்டாக்குவது. நான் சேர்வதற்குப் பன்னிரண்டு வருஷம் முன் அவர் தோத்தாபுரிக்கும் காட்டு மாவுக்கும், பங்கனபள்ளிக்கும் வேலியோரத்துப் புளிமாங்காய்க்கும் என்று வரிசையாகக் கலப்புத் திருமணங்கள் செய்து வைத்தார். ஒரு மரத்துப் பூந்தாதை இன்னொரு மரத்துப் பூவில் தூரிகையால் தடவி, காய்த்த கொட்டையை நட்டு வளர்த்த பிள்ளைகள் இருநூறு மரங்கள். பத்து வரிசை. அவற்றில் எது தானாகவே பூச்சியைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் பூச்சி வேண்டுமே! அதனால் அந்தப் பத்து வரிசையில் ஒரு சொட்டு மருந்து விழக்கூடாது. போதாதென்று, பூச்சிக்கு ரொம்பப் பிடித்த மரங்களாகத் தேர்ந்தெடுத்துச் சுற்றிலும் நட்டிருந்தார், பந்தலில் விருந்து வைப்பதுபோல.

"மருந்து அடிச்சு வளர்ந்த மரம் இருக்கே அம்மாயி, அது பிட் அடிச்சு பாஸான பையன். இங்க எல்லாரும் பூச்சி முன்னாடி பரீட்சை எழுதணும்" என்பார். பெண்ணே என்பதற்குத் தெலுங்கில் அம்மாயி. நான் பட்டதாரி என்று எத்தனை முறை நினைவூட்டினாலும் அவருக்கு நான் அம்மாயிதான்.

பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் டிராக்டர் சத்தம் கேட்டால் குடையை விரித்துக்கொண்டு ஓடுவார். காற்றில் அந்தச் சாரல் இந்தப் பக்கம் வந்துவிடக்கூடாதாம். வேலி ஓரம் முழுக்கத் தன் பழைய புடவைகளைத் திரைபோலக் கட்டி வைத்திருந்தார். ரோட்டில் போகிறவர்கள், உள்ளே பெரிய குடும்பம் ஒன்று துணி காயப் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

தினமும் காலையில் மரத்துக்கு ஓர் இலை கிள்ளி மென்று துப்புவார். துவர்க்கிற இலையைப் பூச்சிக்குப் பிடிக்காது என்பது அவர் நம்பிக்கை. "ஆறாவது வரிசை, மூணு. துவர்ப்பு பரவாயில்ல. எழுது" என்பார். இருநூறு இலை மென்ற நாக்குக்கு டீ எது, வெந்நீர் எது என்று தெரியாது. கேன்டீன்காரர் இதைக் கண்டுபிடித்து, சில மாதங்கள் அவருக்கு மட்டும் டீத்தூள் மிச்சம் பிடித்ததாகப் பேச்சு உண்டு.

திருப்பதியில் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு மாம்பழம் வைத்தார்கள். எல்லோரும் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை ஒதுக்க, இவர் பழத்தை ஒதுக்கிவிட்டுக் கொட்டையைப் பிளந்தார். உள்ளே வண்டு. இன்னொருவராக இருந்தால் மூடி வைத்துவிட்டு ரசத்துக்குப் போயிருப்பார். பூச்சியம்மா எழுந்து, வலது பக்கம் ஏழு பேர், இடது பக்கம் ஆறு பேர் இலையிலிருந்த கொட்டைகளையும் கேட்டு வாங்கிப் பிளந்து, "இதுலயும் இருக்கு! பாருங்க, பாருங்க!" என்று காட்டினார். அந்த வரிசையில் பாயசத்துக்கு யாரும் உட்காரவில்லை. பெண் வீட்டார் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. அவரோ, அந்தப் பழம் எந்தத் தோப்புப் பழம் என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் சேர்ந்தது தை மாதம். மாமரங்கள் பூத்துக் குலுங்க, தத்துப்பூச்சிகள் வந்து இறங்கியிருந்தன. கோதுமை மணியைவிடச் சிறியது. பூவின் சாற்றை உறிஞ்சிவிட்டுப் பாகுபோல எச்சமிடும். அதன்மேல் கறுப்பாகப் பூசணம் படரும். கிளையை லேசாக ஆட்டினால் நூற்றுக்கணக்கில் எகிறி இலைகளில் மோதும். தூற்றல் விழுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் விவசாயி மருந்துக் கடைக்கு ஓடுவார். பூச்சியம்மா கண்ணை மூடிக் கேட்பார்.

ஆனால் அந்த வருஷம் அவருக்கும் ஒரு கலக்கம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாகியும் ஒரு ரகம்கூட வெளியே வரவில்லை என்று மேலிடத்துக்குக் கோபம். மாதக் கடைசியில் ஒரு கமிட்டி வரும். பூச்சியைத் தாங்குகிற மரம் ஒன்றையாவது கண்ணெதிரே காட்ட வேண்டும். இல்லையென்றால் பத்து வரிசையையும் வெட்டிவிட்டு வேறு செடி நடுவார்கள். பூச்சியம்மா நம்பியிருந்தது ஏழாவது வரிசையில் பதினாலாவது மரத்தை. பூச்சிகள் அதன் பூவில் வந்து உட்காரும், பிடிக்காத வீட்டுக்கு வந்த சம்பந்திபோல உடனே எழுந்து போய்விடும். அதை ஏணியில் ஏறி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கீழே விழுந்தார்.

முன்கை எலும்பு முறிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யோசிக்கவே வேண்டாம், புத்தூர்க் கட்டுதான். ஜீப்பில் ஏற்றும்போது, வலியிலும் அவர் சொன்னது இது ஒன்றுதான்: "அம்மாயி, மூணு நாள்ல வந்துடுவேன். மரங்களை நல்லா பாத்துக்கோ."

நான் நல்லா பாத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள், எனக்கு மதியச் சோறு கொண்டுவந்த நைனா அந்தப் பத்து வரிசையைப் பார்த்தார். பூவெல்லாம் கறுத்து, இலையெல்லாம் பிசுபிசுத்து நின்றது. அவர் முகம் செத்துவிட்டது.

"இன்னா பாப்பா இது? ஆபீசரு தோட்டம் இப்டியா கீறது? கமிட்டி வந்தா உன்ன இன்னா நெனப்பாங்க?"

கமிட்டி வருகிறதென்றால் பாறாங்கல்லுக்கும் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். பண்ணையில் அப்போது மரத்தடிகளுக்கெல்லாம் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கைதான் நோட்டில் ஏறிவிட்டதே, இனி மரம் பார்க்க அழகாக இருந்தால்தானே வெட்டாமல் விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. பூச்சியைத் தாங்கும் ரகங்களைப் பற்றிப் பரீட்சையில் ஆறு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள்தான் நான். கண்ணெதிரே பூ கருகும்போது அந்த ஆறு பக்கமும் எங்கே போயின என்று தெரியவில்லை.

"நைனா, நீயே அடிச்சுக் குடேன்" என்றேன்.

அவருக்கு வாழ்நாளெல்லாம் பலபேர் வேலை சொல்லியிருக்கிறார்கள். மகள் ஆபீசராக நின்று சொன்னது அதுதான் முதல் தடவை. தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டார். ஸ்டோர்க்காரர், 'இத்தனை வருஷத்தில் இப்போதாவது அந்த மரங்களுக்கு விடிந்ததே' என்று மருந்தைச் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார். டிராக்டர் டிரைவர் கேட்காமலே வண்டியைக் கொண்டுவந்தார். ஒரு மரம், ஒரு கிளை, ஒரு இலைக்கு அடிப்புறம் விடாமல், சாமி சிலைக்கு அபிஷேகம் செய்வதுபோல நைனா இரண்டு நாள் அடித்தார்.

நான்காம் நாள் பூச்சியம்மா கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்திறங்கினார். நேரே ஏழாவது வரிசைக்குப் போனார். நல்ல கையால் ஒரு கிளையை ஆட்டினார். சத்தமில்லை. அடுத்த மரத்தை ஆட்டினார். அதற்கடுத்ததை. காதைக் கிளையோடு வைத்துப் பார்த்தார். பிறகு வெள்ளையடித்த ஒரு மரத்தடியில் மெல்ல உட்கார்ந்தார். முதுகெல்லாம் சுண்ணாம்பு.

நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஆறு பக்கமும் வரிசையாக நினைவுக்கு வந்தன. பரீட்சை நடக்கும்போதே பரீட்சைத் தாளை நான் கொளுத்தியிருக்கிறேன்.

கைக்கெட்டிய ஓர் இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "யாரு அடிச்சது அம்மாயி? ஒரு இலை விடல."

"எங்க நைனா, மேடம்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கூப்பிடு."

நைனா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். இவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

"அய்யா, உங்க மாதிரி மருந்தடிக்கிறவர் இந்த ஜில்லாவிலேயே இல்ல" என்றார் பூச்சியம்மா.

நைனா நெளிந்தார். "எதோ மேடம், பொண்ணு சொல்லிச்சு…"

"என்ன மருந்து?"

"பேரு படிக்கத் தெரியாது மேடம். வாசனைய சொல்றேன்." சொன்னார். அழுகின பூண்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய், தொண்டையில் ஓர் எரிச்சல். அவ்வளவுதான், பூச்சியம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. "அது மேல மட்டும் ஒட்டற மருந்து! மரத்துக்குள்ள போகாது. இனிமே வர்ற புதுப் பூவுல இருக்காது." மாமரம் ஒரே தவணையில் பூக்காது, பத்து நாளில் பின்பூ வரும். எழுந்து நின்றார்.

"அய்யா, நீங்க கொன்னீங்களே, அந்தப் பூச்சி எனக்குத் திரும்ப வேணும்."

நைனா என்னைப் பார்த்தார். கை முறிந்தால் மூளைக்கும் ஏதாவது ஆகுமா என்று கேட்கிற பார்வை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "எவ்ளோ வேணும் மேடம்?"

யார் தோப்பில் இன்னும் மருந்து அடிக்கவில்லை, எந்தத் தோப்பில் பூச்சி மிக மோசம் என்று ஜில்லாவில் ஓர் ஆளுக்கு அத்துப்படி என்றால் அது நைனாவுக்குத்தான். அடுத்த வாரம் நாங்கள் மூன்று பேரும் ஊர் ஊராகப் போனோம். பூச்சியம்மா கையில் கட்டு, என் கையில் வாயில் வைத்து உறிஞ்சிப் பூச்சி பிடிக்கும் குழாய், நைனா கையில் துணி கட்டிய பாட்டில்கள்.

முதல் தோப்புக்காரர் நைனாவைப் பார்த்ததும், "வாய்யா, எப்ப அடிக்கப் போற?" என்றார்.

"அடிக்க வரல ரெட்டி. பூச்சி கேட்டு வந்துகீறேன்."

"இன்னாது?"

"பூச்சி. கொஞ்சம் குடு."

அவர் நெடுநேரம் சிரித்துவிட்டு, "மொத்தத்தையும் எத்துக்கினு போ. பூச்சிக்கு நீதான் ஓனர்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.

ஆனால் செய்தி எங்களைவிட வேகமாகப் போயிற்று. மூன்றாவது ஊரை அடைவதற்குள், 'சர்க்கார் ஆட்கள் பாட்டில் பாட்டிலாகத் தத்துப்பூச்சி சேர்க்கிறார்கள். அதில் ஏதோ விஷயம் இருக்கிறது' என்று ஆகிவிட்டது. அந்தத் தோப்புக்காரர் கேட்டின் குறுக்கே நின்றுகொண்டார்.

"எங்க பூச்சிய தரமாட்டேன். அது எங்க நெலத்துல வளந்தது."

"அது உன் பூவத் துன்னுதுய்யா!" என்றார் நைனா.

"துன்னட்டும். என் பூவு, என் பூச்சி. உனக்கு இன்னா?"

நான் என் பட்டத்தைச் சொன்னேன். அடையாள அட்டையைக் காட்டினேன். சந்தேகம் இன்னும் அதிகமாயிற்று. கடைசியில் பூச்சியம்மா அவர் தோப்புக் கிளை ஒன்றை ஆட்டி, அந்தத் தூற்றல் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டு, "ஆஹா! பத்து ஊர் பாத்தேன், இப்படிப்பட்ட பூச்சி எங்கயும் இல்ல" என்றார். மனிதர் குளிர்ந்துவிட்டார். பக்கத்துத் தோப்புக்காரனுக்குக் கேட்கும்படி, "அத மொதல்லயே சொல்றது! நல்லா கொழுத்ததா பாத்து புடிச்சிக்கினு போங்கம்மா" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பாட்டிலின் துணி அவிழ்ந்துவிட்டது. நாற்பது தத்துப்பூச்சிகள், நாற்பது பயணிகள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். பூச்சியம்மா முறிந்த கையையும் தூக்கிக்கொண்டு, "சம்பொத்து! கொல்லாதீங்க! எண்ணி வெச்சிருக்கேன்!" என்று கத்திய கத்தலில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். ஒரு அம்மாளின் மல்லிகைச் சரத்திலிருந்து ஆறு, கண்டக்டரின் காக்கிச் சட்டைக் காலரிலிருந்து நான்கு. முப்பத்தொன்று திரும்பக் கிடைத்தன. "மிச்சத்த எறங்கற எடத்துல விசாரிங்கம்மா" என்றார் கண்டக்டர்.

பின்பூ வந்தது. கொசுவலையில் உறை தைத்து, பூங்கொத்துகளுக்கு மாட்டி, உறைக்கு இருபது பூச்சி வீதம் விட்டோம். பூச்சிக்குப் பிடித்த மரங்களில் பாதி, ஏழு-பதினாலில் பாதி. நைனா தினமும் வந்து வலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். இருபத்தைந்து வருஷம் கொன்றவர், ஒன்று செத்துக் கிடந்தால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு என்னிடம் வந்து சொல்வார்.

கமிட்டி வந்தது. நான்கு பேர். தலைவர், பூச்சிக்குப் பிடித்த மரத்தின் உறையை அவிழ்த்தார். கை பிசுபிசுத்தது, பூ கருகிக் கொட்டியது. ஏழு-பதினாலுக்கு வந்தார். பூங்கொத்து பச்சையும் மஞ்சளுமாக நின்றது, மிளகளவு பிஞ்சுகள். பூச்சிகள் செத்தது போக மீதியெல்லாம் பூவை விட்டு விலகி, வலைத்துணியில் ஒட்டிக்கொண்டிருந்தன, எப்போது கதவு திறக்கும் என்று.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற நைனாவால்தான் பொறுக்க முடியவில்லை. "இருவத்தஞ்சு வருசமா அடிக்கிறேன் சார். பூவ எதுர்ல வச்சிக்கினு இது துன்னாம ஒக்காந்து நான் பாத்ததே இல்ல."

தலைவர் தலையாட்டினார். பிறகு நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: "எல்லாம் சரிம்மா. பழம் எப்படி?"

போன வருஷம் அந்தப் பழத்தைத் தின்றவர்கள் பண்ணையில் பலர் இருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தோம். தேங்காய் நாரில் டர்பென்டைன் ஊற்றியதுபோல இருக்கும்.

"பழம் வாயில வைக்க முடியாது சார்" என்றார் பூச்சியம்மா. "ஆனா இதை ருசியான மரத்துக்குக் கட்டிக் குடுத்தா, பொறக்கற பிள்ளைங்கள்ல ஒண்ணாவது ருசி, பூச்சிய தாங்கற குணம் ரெண்டையும் கொண்டு வரும். எனக்கு இன்னும் டைம் வேணும்."

ஒன்பது வரிசை போயிற்று. ஏழாவது வரிசையை மட்டும் விட்டார்கள். வெட்டுகிற அன்று பூச்சியம்மா ஒரு மரம் விடாமல் போய் இலை கிள்ளி மென்றார். அன்று மட்டும் நோட்டில் எதுவும் எழுதச் சொல்லவில்லை. நான் அடிக்கச் சொன்ன மருந்தைப் பற்றி அவர் அன்றும் குறை சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

இப்போது நான் பலமனேர்ப் பக்கம் தோட்டக்கலை உதவியாளர். நிரந்தர வேலை. நைனா மருந்தடிப்பதை நிறுத்திவிட்டார். நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை, பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. இந்தத் தை பிறந்து பத்து நாள் இருக்கும். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். காலையில் போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மாயி! பூத்துடுச்சு! ஏழு-பதினாலுக்கும் பங்கனபள்ளிக்கும் பொறந்ததுல ஒண்ணு. பெரிய மரத்துக் கிளையில ஒட்டுக் கட்டி வெச்சேன்ல, சீக்கிரம் பூத்துடுச்சு."

"மேடம்! ரொம்ப சந்தோஷம் மேடம்!"

"என்ன சந்தோஷம்? சுத்துப்பட்டுல எல்லாரும் மருந்து அடிச்சுட்டாங்க. தேடிப் பாத்தாலும் ஒரு பூச்சி இல்ல. நைனா நல்லா இருக்காரா? எங்கயாவது கிடைக்குமான்னு கேளேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். நைனா அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டிலிருந்த எண்ணெய் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் காலிசெய்து பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா போட்ட கூச்சல் அவர் காதில் விழவே இல்லை. "எட்டரை பஸ்ஸ புடிச்சிடலாம் பாப்பா, வா" என்று இறங்கி நடந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் என்னால் அவரை எட்டிப்பிடிக்க முடியவில்லை.